தார்ப் பாலையில் தரிசு எது?

ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஜெய்சல்மேர் மாவட்டத்தின் பரப்பு 38,401 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலம் முழுவதன் பரப்பும் ஏறத்தாழ அவ்வளவே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் 3 கோடியே 34 லட்சம் பேர் வாழ்ந்தனர். ஜெய்சல்மேரில் வாழ்ந்தோர் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர். அதாவது சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பொருளாதார மாணவர் ஒருவர், ஜெய்சல்மேரில் நிலம் வெறுமனே கிடக்கிறது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார். நிர்வாகமும் நெடுங்காலமாக அந்த முடிவிலேயே இருந்து வந்துள்ளது. அம்முடிவு எந்த அளவுக்குச் சரி என்பதை, அந்நிலத்தின் நீர், மரம், மந்தை, இசை ஆகியவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழக வருவாய்ப் பதிவேடுகளில் 'தரிசு' என்றும் 'புறம்போக்கு' என்றும் வழங்கும் சொற்களுக்கு இணையாக, ராஜஸ்தானில் 'பஞ்சர்' என்றும் 'சிவாய் சக்' என்றும் சொற்கள் உள்ளன. தனியார் எவர் பெயரிலும் பதிவாகாமல் அரசின் வசம் உள்ள நிலமே சிவாய் சக். ஆங்கிலேயர் காலத்து நில வருவாய் முறையில் பயனற்ற நிலம் என்பதற்கு இருந்த பொருள் ஒன்றே: அரசுக்கு வரி தராத நிலம். அந்நிலத்தில் புல் முளைக்கிறதா, ஆடு மேய்கிறதா, ஊர்க் கிணற்றுக்கு நீர் சேர்கிறதா என்ற வினாக்கள் அந்த இலக்கணத்துக்குள் வரவில்லை. சமஸ்தானங்கள் இணைந்து மாநிலம் உருவான பின்னரும் இக்கண்ணோட்டம் பெரிதாக மாறவில்லை. 1985இல் தேசிய தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைந்தபோதும், பின்னர் தரிசுநில வரைபடத் தொகுதிகள் வெளியானபோதும், பாலைமணலும் மேய்ச்சல் நிலங்களின் பெரும்பகுதியும் அதே தலைப்பின்கீழ்தான் கணக்கிடப்பட்டன. தலைமை அலுவலகத்தில் அமர்ந்து அட்டவணைகளைத் தொகுப்போர், இக்கட்டுரையாளர் உட்பட, அந்தத் தலைப்பை ஐயுற்றதில்லை.

நிலமும் மழையும்

தார் என்றவுடன் மணற்குன்றுகளே நம் மனக்கண்முன் நிற்கின்றன. உண்மையில் குன்றுகளோடு கல் பரவிய சமவெளி, சரளை மேடு, உப்புப் படுகை, புல்வெளி என வேறு பல நிலவகைகளும் அங்கு உண்டு. ஆரவல்லி மலைத்தொடர் வடகிழக்குத் திசையில் நீண்டு கிடப்பதால், அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று அதற்கு இணையாகவே வீசிச் செல்கிறது; தடுத்து மழையாக்கும் சுவர் இல்லை. ஜெய்சல்மேரில் ஆண்டு மழையளவு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னை பெறும் மழையில் இது ஏழில் ஒரு பங்கு அளவே ஆகும். அதுவும் சில நாட்களிலேயே பெய்து முடிந்துவிடும். சில ஆண்டுகளில் பெய்யாமலே போகும்.

எனவே இங்கு வாழ்க்கைக்கு அடிப்படையான வினா, மழை எவ்வளவு பெய்யும் என்பதன்று. பெய்த மழையை எங்கே, எவ்வாறு நிறுத்துவது என்பதே.

நீரைப் பிரித்தறியும் கலை

பாலைநில மக்கள் நீரை மூன்றாக வகுக்கின்றனர். மழையாகப் பெய்து தரைமேல் ஓடும் நீர் 'பாலர்'. நிலத்தின் ஆழத்திலுள்ள நீர் 'பாதாள்'. பெரும்பாலான இடங்களில் அது உவர்நீர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று உண்டு. அதன் பெயர் 'ரேஜாணி'. மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள ஜிப்சப் படிவத்தால் தடுக்கப்பட்டு, உவர்நீரோடு கலக்காமல் ஈரமாகவே மணலில் தங்கி நிற்பது. மணலுக்குள் குறுகலான குழி ஒன்றைத் தோண்டினால், சுற்றிலுமுள்ள ஈரம் சொட்டுச்சொட்டாக அதனுள் ஊறிச் சேர்கிறது. இக்குழிக்குக் 'குயீ' என்று பெயர். வாய் குறுகலாக இருப்பதால் நீர் ஆவியாவது குறைகிறது. மணல் சரிவைத் தடுக்கப் புல்லால் திரித்த வடத்தையோ மரத்துண்டுகளையோ உட்சுவராக அமைக்கின்றனர். நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடம் நீரே கிடைக்கலாம். ஆயினும் அது நன்னீர். இம்முறைகளை நேரில் கண்டு விரிவாக எழுதியவர் அனுபம் மிஸ்ரா. 1995இல் வெளியான அவரது இந்தி நூல் நீர்நிர்வாகம் பயில்வோர் அறிய வேண்டிய ஒன்று.

பொருளாதார மாணவர் கவனிக்க வேண்டியது இதன் உரிமை முறையை. குயீ குடும்பத்துக்குச் சொந்தம். அதிலிருந்து எடுக்கும் நீரும் அக்குடும்பத்துக்கே. ஆனால் ஈரம் நிற்கும் மணற்பரப்பு ஊருக்குப் பொது. புதிதாக ஒருவர் குயீ தோண்டினால், ஏற்கெனவே உள்ள குயீகளின் ஈரம் பங்கிடப்படும். ஆகவே ஊராரின் இசைவின்றி எவரும் புதிய குயீ தோண்டுவதில்லை. பொதுவளம் என்றாலே அது சீரழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். ஊர்க்கட்டுப்பாடு உள்ள இடங்களில் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதை எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் பல நாட்டு எடுத்துக்காட்டுகளுடன் நிறுவினார். 2009இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் கூறிய விதிகளில் பல, ஜெய்சல்மேர் சிற்றூர்களில் எழுத்தில் இல்லாமலே நடைமுறையில் இருந்து வந்தவை.

நீர்ச் சேகரிப்பின் மற்றொரு வடிவம் 'கடீன்'. பாலிவால் சமூகத்தார் 15ஆம் நூற்றாண்டளவில் ஜெய்சல்மேர் வட்டாரத்தில் இதனை வளர்த்தெடுத்தனர். கல் பரவிய மேட்டு நிலத்தில் விழும் மழை சரிவில் ஓடிவரும். அது சேரும் தாழ்வான இடத்தின் குறுக்கே நீண்ட மண்கரை எழுப்பப்படும். தேங்கிய நீர் மண்ணில் ஊறி வற்றியபின், அந்த ஈரத்தைக் கொண்டே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கப்படும். பாசனம் எதுவும் இல்லை. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத இடத்தில் கோதுமை விளைவதை நேரில் காணாதவர் நம்புதல் அரிது.

இங்குதான் பதிவேட்டின் பிழை வெளிப்படுகிறது. கடீனின் விளைநிலம் சிறியது. அதற்கு நீர் தரும் கல்மேடு அதைப்போல் பல மடங்கு பெரியது. விளைநிலம் பட்டா நிலமாகப் பதிவாகிறது, கல்மேடோ தரிசு. கல்மேட்டின்மீது ஒரு சாலையோ, வேலியோ, சுரங்கமோ குறுக்கிட்டு நீரோட்டம் திரும்பிவிட்டால், பட்டா நிலம் காகிதத்தில் அப்படியே இருக்க, விளைச்சல் மட்டும் நின்றுபோகும். குளத்துக்கு நீர் தரும் நிலத்துக்கு அம்மக்கள் 'ஆகோர்' எனத் தனிப் பெயரிட்டு, அங்கு காலணியுடன் நடப்பதையும் தவிர்த்து வந்தனர்.

மரமும் மந்தையும்

ராஜஸ்தானின் மாநில மரம் கேஜ்ரி. பெயர் புதிதாகத் தோன்றினும் மரம் நமக்குப் புதிதன்று. தமிழகக் கோயில்கள் பலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னியே அது. ஆழ வேரூன்றி வறட்சியைத் தாங்குவதோடு மண்ணுக்கும் உரம் சேர்க்கிறது. கம்பு, நரிப்பயறு, கொத்தவரை ஆகியவற்றைக் கலந்து விதைக்கும் வயல்களில் இம்மரத்தை வெட்டாமல் விட்டு வைக்கின்றனர். தழை கால்நடைக்குத் தீவனம். 'சாங்கரி' எனப்படும் இளங்காய் உலர்த்தப்பட்டு மனிதருக்கு உணவாகிறது. கம்பு பொய்த்த ஆண்டிலும் மரம் பொய்ப்பதில்லை. ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிறுவனமும் மரம், பயிர், கால்நடை மூன்றும் இணைந்த இம்முறையையே தன் ஆய்வுகளின் மையமாகக் கொண்டுள்ளது. இதற்கு மாறாக, பசுமையாக்கும் ஆர்வத்தில் வெளிநாட்டிலிருந்து கொணரப்பட்ட சீமைக் கருவேல் என்ன செய்தது என்பதை ராமநாதபுரம் மாவட்டத்தை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1485இல் ஜாம்போஜி என்னும் அருளாளர் 29 நெறிகளுடன் பிஷ்னோய் சமயநெறியைத் தோற்றுவித்தார். பச்சை மரத்தை வெட்டாமையும் உயிர்களிடத்து இரக்கமும் அவற்றுள் அடங்கும். 1730இல் ஜோத்பூர் மன்னரின் கட்டுமானப் பணிக்காகக் கேஜட்லி என்னும் ஊரின் வன்னி மரங்களை வெட்ட ஆட்கள் வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர் துறந்தார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் மாண்டனர். இதனைப் பக்தியின் வெளிப்பாடாக மட்டுமே கூறுவது வழக்கம். பஞ்ச காலத்தில் குடும்பத்துக்கும் மந்தைக்கும் எஞ்சியிருக்கும் ஒரே சேமிப்பை வெட்ட வந்தவர்களை ஊர் எதிர்த்தது என்று படிப்பதும் பிழையாகாது.

மந்தை வளர்ப்பில் ஒட்டகத்தின் கதை திட்டமிடுவோருக்கு நல்ல பாடம். ராய்க்கா எனப்படும் சமூகத்தார் தலைமுறைகளாக ஒட்டகம் வளர்த்து, ஆண் கன்றுகளை விற்று வாழ்ந்தவர். 2014இல் ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. அடுத்த ஆண்டு, அதனை இறைச்சிக்காகக் கொல்வதையும் மாநிலத்துக்கு வெளியே கொண்டு செல்வதையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நோக்கம் பாதுகாப்பே. விளைவு வேறாயிற்று. வெளிமாநில வணிகர் சந்தைக்கு வருவது குறைந்தது, விலை வீழ்ந்தது, விற்க இயலாத விலங்கை வளர்க்க இளைஞர் முன்வரவில்லை. 2012இல் 3 லட்சத்து 26 ஆயிரமாக இருந்த மாநில ஒட்டக எண்ணிக்கை, 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 2 லட்சத்து 13 ஆயிரமாகக் குறைந்தது. சரிவு சட்டத்துக்கு முன்னரே தொடங்கியது என்பதும் உண்மையே. எந்திர வண்டிகளும் மேய்ச்சல் நிலக் குறைவும் அதற்குக் காரணங்கள். ஆனால் விலங்கைக் காக்க எண்ணியவர்கள் அதனை வளர்ப்பவரின் வரவு செலவைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை மறுக்க இயலாது.

பாடலின் பொருளாதாரம்

பாபூஜி என்னும் நாட்டுத் தெய்வமே மார்வார் பகுதிக்கு ஒட்டகத்தைக் கொணர்ந்தார் என்பது ராய்க்காக்களின் நம்பிக்கை. அவர் கதையை நீண்ட துணியில் ஓவியமாகத் தீட்டுவர். அத்துணிக்குப் 'பட்' என்று பெயர். 'போபா' எனப்படும் பூசாரி, இரவில் ஊர்நடுவே அதனை விரித்து, ராவணஹத்தா என்னும் வில்லிசைக் கருவியை மீட்டிப் பாடுவார். அவர் மனைவி விளக்கேந்தி ஓவியத்தைக் காட்டியவாறு உடன் பாடுவார். ஒட்டகத்துக்கு நோய் கண்டால் போபாவை அழைத்துப் பாடச் செய்வது வழக்கம். மந்தை குறைந்தால் அழைப்பும் குறையும். ஓவியத் துணி நகரக் கடைகளில் விற்பனைப் பொருளாகத் தொடர்கிறது. பாடுபவரைத்தான் காண்பது அரிதாகி வருகிறது.

லங்கா, மாங்கணியார் என்ற இரு இசைச் சமூகத்தாரின் நிலையும் இத்தகையதே. இருவரும் இஸ்லாமியர். மாங்கணியாரைப் பேணுவோர் பெரும்பாலும் இந்து ராஜபுத்திரக் குடும்பத்தார். பிறப்பிலும் திருமணத்திலும் இறப்பிலும் அக்குடும்பத்தின் குலவரிசையைப் பாடும் உரிமை இவர்களுக்கே உண்டு. ஊதியம் நாணயமாக அன்றித் தானியமாகவும் ஆடாகவும் ஒட்டகமாகவும் வழங்கப்பட்டு வந்தது. எனவே மேய்ச்சல் நிலம், மந்தை, திருமணம், பாடல் என ஒரே சங்கிலியில் கண்ணிகள் கோக்கப்பட்டிருந்தன.

இச்சங்கிலியை முதலில் தெளிவாகக் கண்டவர் கோமல் கோத்தாரி. 1960இல் விஜய்தான் தேத்தாவுடன் இணைந்து போருந்தா என்னும் ஊரில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற நிறுவனத்தை அமைத்து, நாட்டுப்புற இசையையும் கதைகளையும் தொகுத்தார். ராஜஸ்தானின் பண்பாட்டைச் சமஸ்தான எல்லைகளைக் கொண்டு பிரிக்காமல், மக்கள் உண்ணும் தானியத்தைக் கொண்டு கம்பு மண்டலம், சோள மண்டலம், மக்காச்சோள மண்டலம் எனப் பிரித்துப் பார்த்தார். இசையை ஆராய்ந்த ஒருவர் துடைப்பம் எந்தப் புல்லால் செய்யப்படுகிறது என்பதையும் ஆராய்ந்தது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எங்கள் துறைகளில் அத்தகைய பார்வை இருந்திருப்பின் சில திட்டங்களின் வடிவம் மாறியிருக்கும். ஹமீரா கிராமத்தைச் சேர்ந்த கமாயிச்சா இசைக்கலைஞர் சாகர் கான் 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இக்கலைஞர்கள் உலக அரங்குகளில் பாடுவது பெருமைக்குரியது; ஆயினும் அரங்கில் இடம் பெறுவோர் சிலரே, ஊரில் பாடி வாழ வேண்டியவர்கள் பலர்.

கால்வாய் தந்ததும் எடுத்ததும்

பொறியாளர் கன்வர் சேன் 1948இல் முன்வைத்த யோசனையின்படி, 1958 மார்ச் 31 அன்று ராஜஸ்தான் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணையிலிருந்து 649 கிலோமீட்டர் நீண்டு, 1987இல் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மோகன்கட் வரை நீர் எட்டியது. இன்று இந்திரா காந்தி கால்வாய் என வழங்கும் இதனால் குடிநீரும் விளைச்சலும் பெருகின. பஞ்சம் பிழைக்கச் சென்ற பலர் திரும்பினர். இந்நன்மையைக் குறைத்துக் கூற எவருக்கும் உரிமை இல்லை.

எனினும், ரேஜாணி நீரைத் தாங்கி நின்ற அதே ஜிப்சப் படிவமும் இறுகிய மண்ணடுக்கும் கால்வாய் நீரையும் கீழிறங்க விடவில்லை. மிகுபாசனம் நடந்த இடங்களில் நீர் தேங்கி, உப்பு மேலேறி, வயல்கள் சதுப்பாயின. வாய்க்கால் வந்த இடங்களில் 'சேவண்' என்னும் பல்லாண்டுப் புல் வளர்ந்த மேய்ச்சல் வெளிகள் உழப்பட்டன. தார்பார்க்கர், ராட்டி ஆகிய சிறந்த பால்மாடுகளை வளர்த்தவை அந்த வெளிகளே. மண்ணடுக்கின் இயல்பு குயீ தோண்டுவோர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. திட்ட அறிக்கைக்கு அது வந்து சேரவில்லை. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் ஓராண்டு மழையைவிட மிகுதியான மழை சில நாட்களில் கொட்டியபோது, கவாஸ் என்னும் ஊரில் வெள்ளம் பல மாதங்கள் வடியாமல் நின்றதற்கும் இப்படிவமே காரணம்.

ஓரண்களும் புதிய மின்சாரமும்

இப்போது எழுந்துள்ள வினாவுக்கு வருவோம். ஊர்த் தெய்வத்துக்கு விடப்பட்ட காடும் மேய்ச்சலும் சேர்ந்த நிலத்துக்கு 'ஓரண்' என்று பெயர். ஆரண்யம் என்ற சொல்லின் சிதைவு. அங்கு கோடரி படலாகாது. மந்தை மேயலாம், நீர் அருந்தலாம், உதிர்ந்த விறகைப் பொறுக்கலாம். பாலையோ கங்கை நீரையோ தரையில் ஊற்றிக்கொண்டே நடந்து அதன் எல்லையை வகுத்தனர். ராஜஸ்தானில் சுமார் 25,000 ஓரண்கள், ஏறத்தாழ 6 லட்சம் ஹெக்டேர் பரப்பில் உள்ளன என்று மதிப்பிடப்படுகிறது. இவற்றுள் பல, முழுமையாகவோ பகுதியாகவோ, பதிவேட்டில் ஓரண் எனக் குறிக்கப்படாமல் சிவாய் சக் நிலமாகவே உள்ளன.

வெயிலும் காற்றும் மிகுந்த அரசு நிலம் இன்று சூரிய, காற்றாலை மின் நிலையங்களுக்குத் தேவைப்படுகிறது. பட்லா என்ற இடத்தில் மட்டும் ஏறத்தாழ 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் திறனுள்ள சூரியப் பூங்கா அமைந்துள்ளது. நிலக்கரியைச் சார்ந்த நம் நாட்டுக்கு இம்மின்சாரம் இன்றியமையாதது. ஆனால் நிலத்தைத் தெரிவு செய்யும் முறையில் ஒரு கணக்குப் பிழை உள்ளது. பட்டாதாரர் குத்தகைப் பணம் பெறுகிறார். ஆகவே அவர் நிலத்துக்கு ஒரு விலை உண்டு. ஓரணில் மேய்ப்பவருக்கு ஆவணம் இல்லை. ஆகவே அந்நிலத்தின் மாற்றுப்பயன் சூன்யமாகக் கொள்ளப்படுகிறது. விலை சூன்யமாயின் எந்த முதலீட்டாளரும் அங்கேயே செல்வார். பால், கம்பளி, குளத்து நீர், கடீன் விளைச்சல் ஆகியவை வேறு பத்திகளில் எங்கோ குறையும்போது, அக்குறைவை இந்த ஒதுக்கீட்டோடு இணைத்துப் பார்ப்பவர் இல்லை.

பறவைகளும் இக்கணக்கில் வருகின்றன. ஒரு காலத்தில் தமிழகத்திலும் திரிந்த கானமயில், இன்று 150க்கும் குறைந்த எண்ணிக்கையில், பெரும்பாலும் ஜெய்சல்மேர் புல்வெளிகளிலேயே எஞ்சியுள்ளது. நேர்முன்னே பார்க்கும் திறன் குறைந்த இக்கனத்த பறவை மின்கம்பிகளில் மோதி மடிகிறது. உயர் அழுத்தக் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க வேண்டும் என 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நடைமுறை இடர்ப்பாடுகளைக் கருதி 2024 மார்ச்சில் அதனைத் திருத்தி, வல்லுநர் குழுவிடம் விட்டது.

2024 டிசம்பர் 18 அன்று அதே நீதிமன்றம் ஓரண்கள் பற்றி அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. ராஜஸ்தானிலுள்ள ஒவ்வொரு தெய்வக்காட்டையும் நேரிலும் செயற்கைக்கோள் படத்தின் வாயிலாகவும் அளந்து வரையறுத்து, வனமாக வகைப்படுத்துமாறு வனத்துறைக்கு அது பணித்தது. பரப்பு சிறிதா பெரிதா என்பது தடையாகக் கூடாது என்றும் கூறியது. இதன்பின்னும் ஊரார் சிலரிடையே ஐயம் நிலவுகிறது. வனம் என அறிவித்தால் மேய்ச்சல் உரிமை போய்விடுமோ என்பது அவர்கள் கவலை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சமூக உரிமையையும் உடன் பதிவு செய்தாலன்றி இக்கவலை தீராது.

மின் திட்டங்களை நிறுத்த வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்தன்று. வேண்டுவது வரிசை மாற்றம் மட்டுமே: முதலில் ஒதுக்கீடு, வழக்கு வந்தபின் அளவை என்று இருப்பதை, முதலில் அளவை, பின்னர் ஒதுக்கீடு என்று ஆக்குதல். அவ்வளவைக்குச் செல்லும் பட்வாரியும் வன ஊழியரும் மூன்றைத் தனித்தனியே குறிக்க வேண்டும். அந்நிலத்தில் எவ்வூர் மந்தைகள் எந்த மாதங்களில் மேய்கின்றன. அதில் விழும் நீர் எந்தக் குளத்துக்கு அல்லது கடீனுக்குச் செல்கிறது. ஊரார் கூறும் எல்லை எது. மூன்றாவதற்கு ஊர் முதியோரையும் கோயில் போபாவையும் உடன் அழைத்து நடப்பதே வழி. அண்மை ஆண்டுகளில் ஜெய்சல்மேர் மக்கள் தாமாகவே ஓரண் எல்லையை வலம் வந்து காட்டியுள்ளனர்.

அளவையின் காலமும் முக்கியம். அலுவலக வசதியை முன்னிட்டு இத்தகைய பணிகள் நிதியாண்டு தொடங்கியவுடன், மே, ஜூன் மாதங்களில் நடைபெறுவதுண்டு. அப்போது சேவண் புல்லின் தூர் மட்டுமே மணலுக்குள் இருக்கும். படத்தில் அது வெற்று மணலாகவே தெரியும். முதல் மழை பெய்து மூன்று வாரம் கழித்து, ஆகஸ்டு இறுதியில் அதே இடத்துக்குச் சென்றால், இடுப்பளவு புல்லில் மாடுகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.